திருப்பித் தராத பீரியட்

எந்த அறைக்குள் போவதாக இருந்தாலும் அண்ணி வாசலில் கொஞ்சம் நிற்பார். கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொள்வார். ஒரு மூச்சு விடுவார். பிறகுதான் கால் உள்ளே வரும். வகுப்பறை, பல் டாக்டர் அறை, எங்கள் வீட்டுச் சமையலறை, எல்லா வாசலுக்கும் இதே மரியாதைதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவுக்கு இது புரியவில்லை. மருமகள் கூப்பிட்டால்தான் உள்ளே வருவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அண்ணி வாசலில் நிற்கும்போதெல்லாம் "வாம்மா, உள்ள வா" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணன்தான் சொன்னான்: "அம்மா, உன் தொண்டைதான் கட்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆக நேரமாகும்ல, அது மாதிரி. அவளா வருவா, விடு."

சாக்பீஸ் தூளைத் துடைக்கிறார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அவர் கணக்கு டீச்சர். ஆனால் அவருடைய பள்ளியில் கரும்பலகை போய் வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வந்த பிறகும் விரல் தேய்ப்பது நிற்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "நானா? அப்படியா செய்யறேன்?" என்று தன் கையையே திருப்பிப் பார்த்தார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் அண்ணி வரும்வரை கல்லூரிப் படி ஏறியவர் யாரும் கிடையாது. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனான். எங்கள் ரத்தத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சட்டம் போட்டு மாட்டியதற்கு மறுநாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்புறம்?" என்று கேட்டார்கள். அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. பதில் தெரியாததால் பி.எட். சேர்ந்தேன்.

அண்ணிதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஆளாக்கினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முயற்சி செய்தார். இரண்டாவது நாளே இருவருக்கும் சண்டை வந்து புத்தகம் மேசைக்கடியில் போய் விழுந்தது. "பள்ளிக்கூடத்துல கத்தினா சம்பளம் தர்றாங்க. இங்க எதுக்கு நான் சும்மா கத்தணும்? போ குட்டி, போய் டிவியப் போடு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்.

பள்ளியில் அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. போர்ஷன். மற்ற டீச்சர்கள் கடைசிப் பாடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணி எல்லாவற்றையும் முடித்துத் திருப்புதல் தேர்வும் வைத்திருப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பள்ளிக் கதைகள்தான். வகுப்பில் யார் என்ன உளறினார்கள், ஸ்டாஃப் ரூமில் யார் டம்ளரை யார் எடுத்தார்கள் என்று நடித்தே காட்டுவார்.

அந்தக் கதைகள் ஒரு வருஷம் மெல்லக் குறைந்தன. நாங்கள் கவனிக்கவில்லை. திருத்தாத விடைத்தாள் கட்டுகள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. பிறகு ஒரு காலை அவர் போன பஸ் பள்ளி நிறுத்தத்தில் நின்று, கிளம்பி, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டது. அவர் சீட்டிலேயே இருந்தார். "அம்மா, வண்டியத் திருப்பணும். இறங்கறீங்களா?" என்று டிரைவர் கேட்டிருக்கிறார். இதைச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி பெரிய நகைச்சுவைபோலச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"தூங்கிட்டியா?" என்றான் அண்ணன்.

"இல்ல. ஸ்டாப் வந்துச்சு. இறங்கணும்னு தெரியுது. கால் வரல."

அந்தச் சமயத்தில் கல்வி அலுவலகம் சோர்ந்துபோன ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தது. ஹெச்.எம். அம்மா அண்ணியிடம் கேட்காமலேயே அவர் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அண்ணி முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். திரும்பி வந்தவர் புது ஆளாகவெல்லாம் வரவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி வந்தார். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டோம். "மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். "அதுக்கு எதுக்கு பஸ் செலவு?" என்றார் அம்மா. அண்ணி அன்று பல நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார்.

பிறகு அடுத்தகட்டப் பயிற்சியும் முடித்து, தன் பள்ளியிலேயே வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணி அடித்த பிறகு மற்ற ஆசிரியர்களை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு 'மூச்சு டீச்சர்' என்று பெயர் வந்தது. கணக்கு வகுப்புகளும் வழக்கம்போல நடந்தன. போர்ஷனும் வழக்கம்போல முன்னால் ஓடியது.

என் பி.எட். பயிற்சிக்கு அண்ணியின் பள்ளியே கிடைத்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நான் பார்த்தது அப்போதுதான். உயிரியல் ஆய்வுக்கூடம்தான் இடம். கண்ணாடி அலமாரிக்குள் இருந்த எலும்புக்கூட்டை அண்ணி சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். "நம்மளப் பாத்துச் சிரிக்குது, கவனம் சிதறும்" என்பார். சுற்றி வட்டமாக ஸ்டூல்கள்.

ஆசிரியர்களைக் கண் மூட வைப்பதுபோலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. ஒவ்வொருவரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, மற்றவர்கள் ஒழுங்காக மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வரலாறு சார் ஒருமுறை கண்ணை இறுக்க மூடியபடியே, "யாரது பின்னாடி பேசறது?" என்று அதட்டினார். பின்னால் இருந்தது நானும் எலும்புக்கூடும்தான்.

அண்ணி சொந்தமாக ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வருகைப் பதிவு எடுப்பார். தாள் ஒன்றும் கிடையாது, வாயால் கூப்பிடுவதோடு சரி. "வேதியியல்?", "உள்ளேன்." "ஆங்கிலம்?", "உள்ளேன்." ஆனால் உடம்பு மட்டும் இங்கே இருந்து மனசு வேறெங்கோ இருந்தால் "இல்லேன்" என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்க மாட்டார். முதல் வாரங்களில் எல்லோரும் பழக்க தோஷத்தில் "உள்ளேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பிறகு ஆங்கில மிஸ்தான் துணிந்தார். "இல்லேன். காலையில கேஸ மூடினேனான்னு ஞாபகம் வரல." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் பாதிப் பேர் "இல்லேன்" என்றார்கள். வருஷக்கணக்காக வாயில் வைத்திருந்த கல்லைத் துப்பியதுபோல இருந்தது அந்த அறை என்று அண்ணி சொன்னார்.

வேதியியல் மிஸ் கை கழுவப் போயிருந்த ஒரு நாள், அவர் முறை வந்தபோது ஒரு கீச்சுக் குரல் "உள்ளேன்" என்றது. அண்ணி நிமிராமலேயே, "ப்ராக்ஸி குடுத்தது யாரு? எழுந்து நில்லுங்க" என்றார். வரலாறு சார் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் வாராவாரம், ஏதோ பரிசு வாங்கப் போகிறவர்போல உற்சாகமாக "இல்லேன்" என்று சொல்பவர் ஒருவர் இருந்தார். பி.டி. சார். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில் தொங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் விசில் சார். ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, கண் மூடச் சொன்னால் மூடுவார், சமயத்தில் குறட்டையும் விடுவார்.

ஒருநாள் ஹெச்.எம். அம்மா அண்ணியை அழைத்தார். நான் பாடத்திட்டத்தில் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன்.

"விசில் சார் இந்த வருஷத்தோட போறேங்கறார். மச்சான் டைல்ஸ் கடை போட்டிருக்காராம்."

"டைல்ஸா?"

"அவர் போயிட்டா அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் தர மாட்டாங்க டீச்சர். அடுத்த மாசமே கிரவுண்டுல காரை நிறுத்த ஆரம்பிச்சிடுவாங்க. எனக்குப் பேசத் தெரியல. நீங்க ஏதாவது பண்ணுங்க."

அண்ணிக்கு இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. தான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நாளை அவர் மறக்கவில்லை. இன்னொருவர் இறங்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

பயிற்சியில் கற்ற எல்லாவற்றையும் அவரிடம் போட்டுப் பார்த்தார். காலையில் வகுப்புக்கு முன் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். "டீச்சர், நான் நாள் பூரா வெளில காத்து வாங்கிட்டுத்தான் நிக்கறேன். என் கிரவுண்டும் காத்து வாங்குது" என்றார் அவர். நாள் முடிவில் நடந்த நல்ல விஷயம் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள், "நெனச்சேன் டீச்சர். மணி அடிச்சது" என்றார். இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். "ஓடத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

வீட்டில் அண்ணி கையில் வெங்காயத்தோடு அப்படியே நிற்பார். "எங்கயோ ஒரு இடத்துல பிடி கிடைக்க மாட்டேங்குது."

"அந்த மனுஷன் நிம்மதியா டைல்ஸ் விக்கட்டும், விடேன்" என்பான் அண்ணன்.

"நிம்மதியா போனா விட்டுடுவேன். வெறுத்துப் போறார். அது வேற."

அடுத்து நடந்ததை நான் கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தேன். அது வியாழக்கிழமை, எட்டாம் வகுப்புக்கு பி.டி. பீரியட். பிள்ளைகள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு வடிவியலில் ஒரு பயிற்சி மிச்சம். நடையின் ஓரத்தில் விசில் சாரைப் பிடித்தார்.

"சார், இந்த பீரியட் மட்டும் கடனா குடுங்க. அடுத்த வாரம் திருப்பித் தர்றேன்."

"எடுத்துக்குங்க டீச்சர்."

கேள்வியும் பதிலும் அத்தனை வழவழப்பாக இருந்தன. கடைக்காரரிடம் வழக்கமான சாமானைக் கேட்பதுபோல அண்ணி கேட்டார், பொட்டலம் கட்டியே வைத்திருந்ததுபோல அவர் கொடுத்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினார். அண்ணி வகுப்பு வாசலில் நின்று, விரலைத் தேய்த்து, மூச்சு விட்டு, உள்ளே வந்தார். வகுப்பு மொத்தமும் "மிஸ்" என்று இழுத்து முனகியது. "உஷ். முக்கோணம்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வருகைப் பதிவு. "விளையாட்டு?"

"இல்லேன்."

அண்ணி தன் விதியைத் தானே மீறினார். "சரி சார். எங்க இருக்கீங்க?"

"அத நீங்கதான் சொல்லணும் டீச்சர். என் பீரியட் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு."

ஸ்டூல்கள் ஆட எல்லோரும் சிரித்தார்கள். அறிவியல், ஆங்கிலம், வரலாறு, எல்லோருமே அவரிடம் கடன் வாங்கியவர்கள்தான். விசில் சாரும் சிரித்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"நான் எண்ணல. நீங்கதான கணக்கு டீச்சர்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "அடுத்த வாரம்னு சொல்வீங்க. முதல்ல எல்லாம் நானும் நம்பி, கோடு போட்டு, பந்துக்குக் காத்தடிச்சு வச்சிருப்பேன். அப்புறம் காத்தடிக்கறத விட்டுட்டேன். ஒண்ணும் தப்பில்ல டீச்சர். உங்களுக்கு போர்ஷன் இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்த அண்ணி நேராகச் சமையலறைக்குள் போனார். வாசலில் நிற்கவில்லை. பாத்திரங்கள் பேசின. வருத்தப்படுவார் என்று நான் நினைத்தேன். கோபப்பட்டார்.

"ஒரு பி.டி. பீரியட் எடுத்தா ஒரு ஆள் வேலையையே விட்டுப் போவாரா? எல்லா ஸ்கூல்லயும் எடுக்கறாங்க. போர்ஷன் முடிக்கலன்னா யார் பதில் சொல்றது, அவரா?"

அண்ணன் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்: "எனக்கு ஸ்கூல்ல பிடிச்சதே அந்த ஒரு பீரியட்தான். அதையும் உன்ன மாதிரி ஒருத்தங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க."

அண்ணி திரும்பிப் பார்த்தார்.

"அதனாலதான் நான் படிக்கலன்னு சொல்ல வரல. என்னைய வச்சுக் கத கட்டாத. சும்மா சொன்னேன்" என்றான். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரையே வெகுநேரம் துடைத்தான்.

அண்ணி கேஸை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குட்டி, அந்த மனுஷனை நான் மூச்சைக் கவனிக்கச் சொல்லிட்டிருந்தேன்ல?" என்றார். "ஆமா." "அவர் கழுத்த நான்தான் பிடிச்சிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது.

அடுத்த வாரம் கணக்குப் பீரியடில் எட்டாம் வகுப்பை வரிசையாக நிற்க வைத்து கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் ஏதோ தண்டனை என்று நினைத்துச் சத்தமில்லாமல் வந்தார்கள். விசில் சார் மரத்தடி நாற்காலியில் செல்போனில் டைல்ஸ் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு திருப்பித் தர்றேன்."

அவர் எழுந்து நின்றார். முகம் மலரவில்லை, கடுகடுத்தது. "முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்? கோடு போடல. பந்துல காத்து இல்ல. இப்படித் திடீர்னு கொண்டாந்து விட்டா நான் என்ன நடத்தறது?"

தயாரிப்பு இல்லாமல் வகுப்புக்கு வந்துவிட்ட ஆசிரியரின் பதற்றம் அது. இத்தனை மாதத்தில் அவரிடம் அதை யாரும் பார்த்ததில்லை. விசிலை எடுத்து ஊதினார். எச்சில்தான் வந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டு நாலாபக்கமும் ஓடினார்கள். அந்தப் பீரியட் முழுக்க ஒரே அமளி. மணி அடித்ததும் சார் வேர்த்து நின்று, "செவ்வாய்க்கிழமை தர்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டாஃப் ரூம் வாசலில் அவர் நின்றிருந்தார். கோடு போட்ட வெள்ளைப் பொடி கையெல்லாம். உள்ளே வருவதற்கு முன் கட்டைவிரலால் விரல்நுனிகளைத் தேய்த்துத் தட்டிக்கொண்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை.

அந்த வருஷம் முதல் முறையாக அண்ணியின் போர்ஷன் கடைசியாக முடிந்தது. வரலாறு சார் அதைக் கேக் வெட்டிக் கொண்டாடலாம் என்றார். சனிக்கிழமையும் வகுப்பு எடுத்துத்தான் அண்ணி சமாளித்தார், பெற்றோர் ஒருவர் புகாரும் கொடுத்தார். எல்லாக் கடனையும் அண்ணி அடைக்கவில்லை. அடைக்கவும் முடியாது. பழைய வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்களை எந்த மணி அடித்து கிரவுண்டுக்குக் கூப்பிடுவது?

ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு விசில் சார் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே விசில் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. "விளையாட்டு?" என்று அண்ணி கூப்பிட்டார். மூலையில் இருந்து ஒரு கீச்சுக் குரல், "உள்ளேன்" என்றது. யார் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணி எழுந்து நிற்கச் சொல்லவில்லை. "சரி" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

டைல்ஸ் கடைக்கு அவர் போகவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஹெச்.எம். அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. பள்ளியை விட்டுப் போனது அண்ணிதான். மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்த முழுநேரமாக வரும்படி கல்வி அலுவலகம் கேட்டது. கிளம்புகிற சமயத்தில் விசில் சாரிடம், "பாக்கிய என்ன சார் பண்றது?" என்றார்.

அவர் யோசித்தார். "மொத்தமா ஒண்ணு குடுங்க. ஒரே ஒரு பீரியட் கிரவுண்டுக்கு வாங்க. யாருக்கும் எதையும் சொல்லித் தரக் கூடாது. சும்மா நிக்கணும். முழுக் கடனும் தீந்துச்சு."

"இவ்வளவுதான? ஊருக்கே அதத்தான சொல்லிக் குடுக்கறேன்."

போனார். கிரவுண்டு ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நன்றாகத்தான் நின்றார். ஒரு பெண் இரும்புக் குண்டை எறிந்து பழகிக்கொண்டிருந்தாள், அது பக்கத்திலேயே விழுந்தது. மறுபடி எறிந்தாள். அண்ணியின் உதடு துடித்தது. மூன்றாவது முறை தாங்க முடியவில்லை. "இன்னும் கொஞ்சம் மேல பாத்துப் போடும்மா, நாப்பத்தஞ்சு டிகிரி..."

நீளமாக ஒரு விசில். "செல்லாது டீச்சர்" என்றார் சார். "இது கணக்குப் பீரியட் ஆயிடுச்சு."

"சரி சார். அடுத்த வாரம் வர்றேன்."

அதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இப்போது அண்ணி வேறு வேறு பள்ளிகளில், வேறு வேறு ஆய்வுக்கூடங்களில், எலும்புக்கூடுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து வருகைப் பதிவு எடுக்கிறார். நான் பி.எட். முடித்துவிட்டேன். யாராவது "அப்புறம்?" என்றால் இன்னும் முழுசாகப் பதில் வரவில்லை, "விண்ணப்பம் போட்டிருக்கேன்" என்பதுவரை வருகிறது.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் விசில் சாரைப் பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளைப் பொடி. "உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, பாக்கி அப்படியே இருக்கு. நான் கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி அப்போது சமையலறை வாசலில் நின்று விரல்நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அய்யோ, ஆமா" என்றார். "அடுத்த வாரம் கண்டிப்பா போறேன்னு சொல்லு."

அதைத்தான் எல்லாக் கணக்கு டீச்சர்களும் சொல்வார்கள்.